62 பேர் கொண்ட நான்காவது குழு: ஒரு மனச்சோர்வு ஆய்வின் கட்டுப்பாட்டுக் குழுவை அவிழ்த்துப் பார்த்தல்

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் நடத்திய மனச்சோர்வுச் சிகிச்சைக் கூட்டாய்வின் முதல் முடிவுகள் 1989இல் ஐரீன் எல்கின் குழுவினரால் வெளியிடப்பட்டன. சிகிச்சையைத் தொடங்கியவர்கள் 239 பேர். 16 வார முடிவில் மீண்டவர்களின் பங்கு: உறவுச் சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் தனிநபரிடை உளச்சிகிச்சையில் 43%, மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் மாத்திரையில் 42%, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 36%, மருந்தே இல்லாத போலி மாத்திரையான பிளாசிபோவில் 21%.

மேலோட்டமாகப் படிப்பவர் முதல் மூன்று எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பார். ஆய்வை வடிவமைக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது நான்காவது எண்ணை, அதாவது மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த கட்டுப்பாட்டுக் குழுவின் எண்ணை. அந்த 21% எதனால் ஆனது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், மேலே உள்ள மூன்றும் எதைக் காட்டுகின்றன என்றும் சொல்ல முடியாது.

ஆய்வின் அமைப்பு

பிட்ஸ்பர்க், ஜார்ஜ் வாஷிங்டன், ஓக்லஹோமா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடந்தது. பெருமனச்சோர்வு உள்ள, இருதுருவ நோயோ உளப்பிறழ்வு அறிகுறிகளோ இல்லாத வெளிநோயாளிகள் சேர்க்கப்பட்டனர். மனச்சோர்வின் கடுமையை அளக்கும், 17 உருப்படிகள் கொண்ட ஹாமில்டன் அளவுகோலில் குறைந்தது 14 மதிப்பெண் இருந்தால்தான் உள்ளே வர முடியும். 6 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் மீண்டவர் என்று கணக்கு. 250 பேர் சமவாய்ப்பு முறையில் (குலுக்கல் போல) நான்கு குழுக்களுக்கு ஒதுக்கப்பட்டனர். சிகிச்சையைத் தொடங்கியவர்கள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 59, தனிநபரிடை உளச்சிகிச்சையில் 61, இமிப்ரமினில் 57, பிளாசிபோவில் 62. மருந்துக் குழுக்கள் இரண்டும் இரட்டை மறைப்பில் நடந்தன: மாத்திரையில் இருப்பது எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மதிப்பீடு செய்தவர்களுக்கு நோயாளி எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது சொல்லப்படவில்லை.

சிகிச்சையாளர்கள் 28 பேர். அவர்களில் 8 பேர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் 10 பேர் தனிநபரிடை உளச்சிகிச்சையும் மட்டுமே தந்தனர். மீதி 10 மனநல மருத்துவர்கள் இமிப்ரமின், பிளாசிபோ இரண்டையும் கையாண்டனர். இந்தப் பங்கீடு சின்ன விவரம் போலத் தெரியலாம். பின்னால் இதுவே பெரிதாகும்.

ஏன் மாத்திரை?

உளச்சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழுவாகச் சர்க்கரை மாத்திரையை வைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கையில் இருந்த மற்ற வழிகள் இதைவிட மோசமானவை.

பழைய வழி, வேறெங்கோ எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் செய்தது அதுதான். 24 அறிக்கைகளில் இருந்த 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மீட்பு விகிதத்தை எடுத்து, அதற்கு எதிரே அரசு மருத்துவமனைகளில் இருந்து வீடு திரும்பியவர்களின் பதிவையும், இயலாமைக் காப்பீடு கோரிய 500 பேரின் பதிவையும் வைத்தார். சிகிச்சை இல்லாமலேயே மூன்றில் இரண்டு பங்கினர் மீள்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. ஆனால் அந்த 500 பேருக்கும் பொது மருத்துவர்கள் ஆறுதல் சொல்லியிருந்தார்கள், மருந்தும் கொடுத்திருந்தார்கள். மீட்சி என்பதற்கு ஒவ்வொரு தொகுப்பிலும் ஒவ்வொரு வரையறை இருந்தது. நோயின் கடுமையும் ஒன்றல்ல. யார் எந்தப் பக்கம் என்பதைச் சமவாய்ப்பு தீர்மானிக்காதபோது, எண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

காத்திருப்போர் பட்டியல் இரண்டாவது வழி. செலவு குறைவு, அமைப்பது எளிது, நெறிமுறைக் குழுவும் 'பிறகு சிகிச்சை தருகிறோமே' என்ற வாக்குறுதியில் சமாதானமாகும். கோளாறு என்னவென்றால், 'உங்கள் முறை 16 வாரம் கழித்து' என்று கேட்டவர் அதுவரை தானாக எதையும் முயல்வதில்லை. உதவி வருகிறது என்று நின்றுவிடுகிறார். 2014இல் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒப்பிடும் ஒரு வலையமைப்புத் தொகுப்பாய்வில், ஒன்றும் தரப்படாதவர்களைவிடக் காத்திருப்போரின் நிலை மோசமாகவே இருந்தது. அப்படியானால் காத்திருப்போர் குழுவோடு ஒப்பிடும் எந்தச் சிகிச்சையும் தன் உண்மையான உயரத்தைவிட உயரமாகவே தெரியும். அறிகுறி மாற்றத்தை முதன்மை விளைவாக வைக்கும் ஆய்வில் இந்தக் குழுவை மட்டுமே ஒப்பீடாக வைப்பதற்கு இன்று நல்ல காரணம் ஏதும் இல்லை.

மூன்றாவது, உளச்சிகிச்சையின் தோற்றத்தில் ஒரு போலிச் சிகிச்சை. 1966இல் உளவியலாளர் கோர்டன் பால் மேடைப்பேச்சு அச்சம் பற்றிய ஆய்வில் இதை நேர்த்தியாகவே செய்தார். கவனம் மட்டும் தரும் குழுவுக்கும் அதே சிகிச்சையாளர்கள், அதே ஐந்து அமர்வுகள்; அச்சத்தைத் தணிக்கும் என்று சொல்லிக் கொடுத்த ஒரு மாத்திரை, கூடவே ஒரு சலிப்பூட்டும் ஒலிப்பணி. மாணவர்களிடம், ஐந்து அமர்வுகளுக்கு இது தாங்கும். தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடிய மனச்சோர்வு நோயாளியிடம் 16 வாரம் இதை இழுக்க முடியாது. நோயாளிக்கும் நம்பிக்கை வராது. தானே நம்பாத ஒன்றை வாரந்தோறும் உற்சாகமாகத் தர எந்தச் சிகிச்சையாளராலும் முடியாது.

எனவே மாத்திரை. ஆனால் வெறும் மாத்திரை அல்ல.

மாத்திரையோடு சேர்ந்து வந்தது

இரு மருந்துக் குழுக்களுக்கும் 'மருத்துவ மேலாண்மை' என்ற பெயரில் எழுதப்பட்ட கையேடு இருந்தது. முதல் சந்திப்பு 45 முதல் 60 நிமிடம். பிறகு வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம். மருந்தின் பக்கவிளைவு, அறிகுறிகளின் போக்கு, ஆறுதல், ஊக்கம், தேவைப்பட்டால் நேரடி அறிவுரை எல்லாம் அனுமதிக்கப்பட்டவை. மற்ற இரண்டு உளச்சிகிச்சைகளுக்கே உரிய உத்திகள் தடை செய்யப்பட்டவை. அமர்வுகள் பதிவு செய்யப்பட்டன. பதிவுகளை மதிப்பிட்டபோது, எது எந்தச் சிகிச்சை என்று அடையாளம் காணும் அளவுக்கு அவை வேறுபட்டே இருந்தன.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். உளச்சிகிச்சைக்கு 50 நிமிட அமர்வுகள் 16 என்று வைத்தால் 800 நிமிடம். மருத்துவ மேலாண்மைக்கு முதலில் 50, பிறகு 25 நிமிடமாக 15 சந்திப்பு. மொத்தம் 425 நிமிடம். 'ஒன்றும் தரப்படாத' குழு என்று நினைத்தது ஏழு மணி நேரம் ஒரு மனநல மருத்துவரோடு அமர்ந்து பேசியிருக்கிறது! சாதாரண மருத்துவமனைப் பராமரிப்பில் பலருக்குக் கிடைப்பதைவிட இது அதிகம்.

இமிப்ரமினுக்கு எதிரே வைத்தால் இது அருமையான கட்டுப்பாடு. அதே மருத்துவர், அதே நேரம், அதே கையேடு, அதே தோற்றமுள்ள மாத்திரை. வேறுபடுவது வேதிப்பொருள் ஒன்றே. உளச்சிகிச்சைக்கு எதிரே வைக்கும்போது நிலைமை வேறு. தொடர்பு நேரம் பாதி, சிகிச்சையாளரின் தொழிற்பின்னணி வேறு, மாத்திரை உண்டு, நோயாளியின் எதிர்பார்ப்பு வேறு, மறைப்பு ஒரு பக்கம் மட்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது, கிடைக்கும் வித்தியாசத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரே குழு இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிறுத்தப்பட்டது. ஒன்றுக்குத்தான் அது பொருந்தியது. வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை.

43, 36, 21: எண்களின் பலம்

பிளாசிபோவிலிருந்து தனிநபரிடை உளச்சிகிச்சையும் இமிப்ரமினும் புள்ளியியல் அளவில் பிரிந்து நின்றன. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பிரியவில்லை. இதை வைத்து அச்சிகிச்சை பயனற்றது என்று எழுதியவர்கள் உண்டு. குழுவின் அளவைப் பார்த்தால் அவசரம் புரியும். குழுவுக்கு 60 பேர் என்றால் 80% ஆற்றலோடு (உண்மையான வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80% வாய்ப்போடு) பிடிக்கக்கூடிய மிகச்சிறிய விளைவளவு, அதாவது திட்டவிலக்கத்தில் அளந்த வித்தியாசம், சுமார் 0.5. 36%க்கும் 21%க்கும் இடையிலுள்ள 15 புள்ளி வித்தியாசத்தை அதே ஆற்றலோடு பிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 138 பேர் தேவை. இருந்தது அதில் பாதிக்கும் குறைவு.

கட்டுப்பாட்டுக் குழு வலுவாக வலுவாக, எதிர்பார்க்கும் வித்தியாசம் சுருங்கும். தேவைப்படும் ஆட்கள் கூடுவார்கள். விளைவளவு 0.8 என்றால் குழுவுக்கு 26 பேர் போதும். 0.5க்கு 64. 0.3க்கு 175. காத்திருப்போர் குழுவோடு நடந்த பழைய ஆய்வின் 0.8ஐ எடுத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் ஆதரவு ஆலோசனைக் குழுவோடு ஒப்பிடுவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. முடிவில் 'இரண்டும் சமம்' என்று எழுதுவார்கள். சமம் என்று காட்டுவதற்குச் சமநிலைச் சோதனை என்ற தனி வடிவமைப்பு இருக்கிறது. வித்தியாசம் தெரியவில்லை என்பது அதற்கு ஈடாகாது.

2003இல் 21 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு இதை நேரடியாகவே காட்டியது. அமர்வு எண்ணிக்கை, நேரம், சிகிச்சையாளர் பயிற்சி, பேச அனுமதிக்கப்பட்ட பொருள் ஆகியவற்றில் சமமில்லாத கட்டுப்பாட்டுக் குழுக்களோடு ஒப்பிட்டபோது சிகிச்சையின் விளைவளவு ஏறத்தாழ 0.47, சமமாக அமைந்தவற்றோடு ஒப்பிட்டபோது 0.15.

சிகிச்சையாளர் பங்கீட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரே சிகிச்சையாளரின் நோயாளிகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். 60 பேரை 10 சிகிச்சையாளர்கள் ஆளுக்கு 6 பேராகப் பார்த்தால், இந்த ஒத்திருப்பை அளக்கும் உட்குழு ஒட்டுறவு 0.05 என்ற சிறிய அளவிலும் தேவைப்படும் ஆட்களைக் கூட்டும் பெருக்குக் காரணி 1.25, அந்த 60 பேர் 48 பேருக்குத்தான் சமம். கோர்டன் பால் செய்ததுபோல எல்லாக் குழுக்களையும் அதே சிகிச்சையாளர்கள் கையாண்டால் ஆளின் திறமை கழிந்துவிடும். ஆனால் அவர் விரும்பும் சிகிச்சைக்கு உயிர் கொடுத்து, மற்றதை ஏனோதானோவென்று நடத்தும் அபாயம் நுழைந்துவிடும். எங்கள் பரிந்துரை, ஒவ்வொரு குழுவையும் அந்தச் சிகிச்சையை நம்புகிறவர்களிடம் கொடுப்பது. சிகிச்சையாளர் எண்ணிக்கையைக் குழுவுக்குக் குறைந்தது 8 ஆக வைத்து, பகுப்பாய்வில் சிகிச்சையாளரைத் தனி அடுக்காகச் சேர்ப்பது.

21%க்குள் என்ன?

முதலில் அளவீட்டின் விளையாட்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களை மட்டும் சேர்க்கும்போது, அன்றைக்கு மட்டும் மோசமாக இருந்தவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். வருகிற எல்லோரின் சராசரி 15, சேர்ந்தவர்களின் சராசரி 20, அளவுகோலின் நம்பகத்தன்மை (மீண்டும் அளந்தால் அதே முடிவு வரும் அளவு; முழுமை 1) 0.8 என்று வைத்துக்கொண்டால், எதுவுமே செய்யாமல் அடுத்த அளவீட்டில் 19 வரும். நம்பகத்தன்மை 0.6 என்றால் 18. இதோடு, ஆளெடுக்கும் அவசரத்தில் 13ஐ 14 ஆக்கும் கை வேறு. சேர்க்கைக்கு மதிப்பெண் போடுபவரும் ஆள் சேர்ப்பவரும் ஒருவராக இருக்கவே கூடாது. முடிந்தால் ஒரு வாரம் விட்டு இரண்டாவது முறை அளந்து, இரண்டிலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவரை மட்டும் சேர்த்து, அந்த இரண்டாவது அளவையே தொடக்க மதிப்பாக எடுக்க வேண்டும்.

அடுத்து நோயின் இயல்பான போக்கு. மனச்சோர்வு அலைபோல ஏறி இறங்கும். உதவி தேடி வருகிறவர் பெரும்பாலும் உச்சியில் இருக்கும்போதுதான் வருகிறார்.

மூன்றாவதுதான் சுவையானது. சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் இடையிலான பிணைப்பை இந்த ஆய்வின் பதிவுகளில் அளந்து 1996இல் வெளியிட்டார்கள். நான்கு குழுக்களிலும், பிளாசிபோவிலும்கூட, பிணைப்பு நன்றாக இருந்தவர்களின் முடிவு நன்றாக இருந்தது. ஆக நான்காவது குழுவில் மாத்திரையைக் கொடுத்தவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

நோயின் கடுமையைக் கொண்டு பிரித்தபோது நான்காவது குழுவின் வலு இன்னும் தெளிவாகிறது. ஹாமில்டன் மதிப்பெண் 20க்குக் கீழே இருந்தவர்களில் எந்தச் சிகிச்சையும் பிளாசிபோவை மிஞ்சவில்லை. 20ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் இமிப்ரமின் தெளிவாக விலகி நின்றது. மென்மையான நோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு வலுவான கட்டுப்பாட்டுக் குழுவை எதிரே வைத்தால் ஒன்றும் தெரியாமல் போவதில் வியப்பில்லை. அதனால் ஒதுக்கீட்டுக்கு முன்பே நோயாளிகளைக் கடுமையைக் கொண்டு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் தனியாக ஒதுக்க வேண்டும். மூன்று மையம், இரண்டு கடுமை நிலை என்றால் ஆறு அடுக்கு. அதற்கு மேல் சேர்த்தால் பல அடுக்குகளில் ஆளே இருக்காது. இரண்டு குழு ஆய்வு என்றால், குழுக்களுக்குச் சம எண்ணிக்கையில் ஆட்களைப் பகிரும் ஒதுக்கீட்டுத் தொகுதிகளின் அளவு 4, 6 என்று முன்னறிவிப்பின்றி மாறட்டும். எப்போதும் 4 என்றால் முதல் மூன்று ஒதுக்கீட்டைப் பார்த்தவருக்கு நான்காவது தெரிந்துவிடும். வரிசை மையத்துக்கு வெளியே, ஆள் சேர்ப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

மறைப்பு எவ்வளவு மறைக்கிறது

இமிப்ரமின் வாயை வறளச் செய்யும். பிளாசிபோ செய்யாது. இமிப்ரமின், மற்றொரு மனச்சோர்வு மருந்தான பினல்சின், பிளாசிபோ மூன்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் தரப்பட்டது மருந்தா பிளாசிபோவா என்று ஊகிக்கச் சொன்னபோது நோயாளிகளில் 78%, மருத்துவர்களில் 87% சரியாகச் சொன்னார்கள். 1986இல் வெளியான முடிவு. அட்ரோபின் போன்ற பக்கவிளைவு மட்டும் தரும் பொருளைப் பிளாசிபோவாக வைத்த சோதனைகள் இதற்காகவே வந்தவை.

உளச்சிகிச்சையில் நோயாளிக்குத் தான் பெறுவது என்ன என்பது தெரிந்தே இருக்கும், மறைக்க வழியில்லை. மறைக்கக்கூடியது 'எது நல்லது' என்ற ஆய்வாளரின் எண்ணத்தை மட்டும். இரண்டு குழுக்களையும் ஒரே தொனியில் விளக்கும் ஒப்புதல் படிவம் வேண்டும்; 'புதிய சிகிச்சை', 'வழக்கமான பேச்சு' போன்ற சொற்கள் அதில் கூடாது. முதல் அமர்வில் சிகிச்சையின் காரணத்தை விளக்கிய பிறகு, அறிகுறி மாறத் தொடங்கும் முன், ஆறு கேள்விகள் கொண்ட நம்பகம்–எதிர்பார்ப்பு வினாத்தாளை நிரப்பச் செய்ய வேண்டும். இரு குழுக்களின் சராசரியும் விலகியிருந்தால் கட்டுப்பாட்டுக் குழு ஏற்கெனவே தோற்றுவிட்டது. இதை முன்னோட்டத்தில், குழுவுக்கு 10 பேரிடமே பார்த்துத் திருத்திவிடலாம். 200 பேரைச் சேர்த்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. மதிப்பீட்டாளரையும் முடிவில் ஊகிக்கச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். நோயாளிகளே 'என் சிகிச்சையாளர் கொடுத்த வீட்டுப்பாடம்' என்று வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்ல வேண்டாம் என்று நேர்காணலின் முதல் வாக்கியத்திலேயே கேட்டுக்கொள்வது கொஞ்சம் உதவும்.

பாதியில் போனவர்கள்

239 பேரில் 77 பேர், அதாவது 32%, முடிக்காமலே நின்றனர். குழுவாரியாக: தனிநபரிடை உளச்சிகிச்சை 23%, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை 32%, இமிப்ரமின் 33%, பிளாசிபோ 40%. சமவாய்ப்பு ஏற்படுத்திய சமநிலையை இந்த ஏற்றத்தாழ்வு அரித்துவிடுகிறது. பிளாசிபோவில் கடைசிவரை நின்ற 60% பேர் யார்? தாமாகவே தேறிவந்தவர்கள் அவர்களிடையே கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. முடித்தவர்களை மட்டும் எண்ணினால் பிளாசிபோவின் மீட்பு 21%இலிருந்து 29%ஆக ஏறிவிடுகிறது. மற்றவையும் 50%ஐத் தாண்டுகின்றன. முதன்மைப் பகுப்பாய்வு ஒதுக்கப்பட்ட குழுப்படியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. நின்றவரையும் 16ஆம் வாரத்தில் அளக்க வேண்டும். சிகிச்சையை விட்டவரை ஆய்வையே விட்டவராகக் கணக்கெடுப்பது சோம்பல்.

கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து யாரை, எப்போது எடுத்துச் சிகிச்சைக்கு மாற்றுவது என்ற விதியும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்: எத்தனை புள்ளி மோசமானால், எந்தத் தற்கொலை எண்ண நிலையில், யார் முடிவெடுப்பார். எழுதாவிட்டால் இரக்கமுள்ள சிகிச்சையாளர் கட்டுப்பாட்டுக் குழுவினரை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிடுவார்.

நலமுற்றோரை எதிரே வைக்கும் ஆய்வுகள்

இதுவரை பேசியது சிகிச்சைச் சோதனை. நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிடும் ஆய்வில் சமவாய்ப்புக்கு இடமில்லை, வயது, கல்வி போன்றவற்றில் ஒத்தவர்களை எதிரெதிரே வைக்கும் இணைசேர்த்தல்தான் உண்டு. அங்கே ஒரு பொறி. மனப்பிளவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளோடு கல்வியாண்டைச் சமப்படுத்தினால், இளமையிலேயே தொடங்கிய நோய் குறுக்கிய கல்வியோடு, வேறு காரணத்தால் படிப்பை நிறுத்திய நலமுற்றோரைச் சேர்க்கிறோம். ஒன்றைச் சமப்படுத்தி மற்றொன்றைக் கோணலாக்குகிறோம். உளவியலாளர் பால் மீல் 1970இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். பெற்றோரின் கல்வியைக் கொண்டு இணைப்பது இதைவிடப் பாதுகாப்பு. இன்னொரு பொறி, நோயாளிகளிடம் கூடுதல் நோய்களை அனுமதித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வாழ்நாளில் எந்த மனநலக் குறையும் இல்லாத, குடும்பத்திலும் இல்லாத அதிநலமுற்றோரை மட்டும் எடுப்பது. விலக்கல் விதி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆய்ந்த குறை அந்த நோய்க்கே உரியதா என்று கேட்டால், வேறு மனநோய் உள்ள மூன்றாவது குழு இல்லாமல் பதில் வராது.

18 மாதம் கழித்து

1992இல் வெளிவந்த பின்தொடர் முடிவில், தகவல் கிடைத்தவர்களில் மீண்டு அப்படியே நிலைத்தவர்கள்: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் 46இல் 14, தனிநபரிடை உளச்சிகிச்சையில் 53இல் 14, இமிப்ரமினில் 48இல் 9, பிளாசிபோவில் 51இல் 10. 46, 53, 48, 51 என்ற மொத்த எண்களில் மீளாதவர்களும் இருப்பதால் ஒதுக்கீடு ஓரளவு காக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் பலரும் எடுத்துக்காட்டுவது வேறொரு கணக்கை. மீண்டவர்களை மட்டும் எடுத்து, அவர்களில் எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று பார்த்தால், இமிப்ரமினில் 18இல் 9, பிளாசிபோவில் 15இல் 5. பிளாசிபோவே மேல் என்று தோன்றுகிறது! அந்த 18 பேரில் மருந்தால் மட்டுமே எழுந்து, 16ஆம் வாரத்தில் அது நின்றதும் விழுந்தவர்கள் இருக்கலாம். அந்த 15 பேரோ மருந்து இல்லாமலே மீண்டவர்கள். இரண்டையும் அருகருகே வைக்கும் இடத்தில் கட்டுப்பாட்டுக் குழு என்று எதுவும் மிச்சமில்லை.